வெறும் வண்டி திரும்பலாகாது

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சோப்பு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, சோப்பையெல்லாம் கடைகளில் இறக்கிவிட்டால் திரும்பும்போது வெறும் வண்டியாகத்தான் திரும்பும். இந்த உண்மை வெண்ணுரை சோப்புக் கம்பெனியின் விநியோகஸ்தர் பரிபூரணத்துக்குத் தெரியும். கம்பெனி அவளுக்குக் கொடுத்த குட்டியானையை, அதாவது ஊரெல்லாம் அப்படிப் பெயர் வைத்திருக்கிற அந்தச் சின்ன லோடு வண்டியை, ஓட்டுகிற மலைச்சாமிக்கும் தெரியும். வண்டிக்கே தெரியும், திரும்பும்போது கொஞ்சம் துள்ளிக்கொண்டு வரும். பத்தொன்பது வருஷமாக இதில் ஒரு குற்றம் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

பரிபூரணத்துக்குத் தென்காசி ரோட்டில் ஒரு குடோன். கம்ப்யூட்டர் கிடையாது. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்பது அவள் தலைக்குள் இருந்தது. பஞ்சாலையில் இரட்டை ஷிப்ட் ஓடினால் துணி சோப்பு கூடப் போகும், சுந்தரபாண்டியத்தில் நடவு தொடங்கினால் பெரிய கட்டிதான் கேட்பார்கள், ஆடிப்பூரத் தேருக்கு ஊர் நிறைய விருந்தாள் வந்தால் குளியல் சோப்பு மூன்று மடங்கு வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'அக்கா, சோப்பு தீந்துபோச்சு' என்று ஒரு கடைக்காரர் போன் போடுவதற்குள் வண்டி அந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும். அதுதான் அவளுக்குப் பெருமை.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததுதான் கம்பெனியின் கண்ணை உறுத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கௌதம்ராஜ் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் பலகை மாதிரி ஒரு டேப்லெட். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'தென் மண்டல வழித்தட உகப்பாக்க அலுவலர்' என்று எழுதியிருந்தது. மலைச்சாமி அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

"நான் இன்னைக்கு உங்க வண்டியில கூட வாரேன்" என்றார் அவர்.

பரிபூரணமும் ஏறிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஜெயசித்ரா கடையில் பத்துப் பெட்டி. அங்கிருந்து சுந்தரபாண்டியத்தில் பெத்தம்மாள் கடைக்கு ஆறு. நடுவில் இன்னும் ஏழெட்டுக் கடை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. திரும்பி வரும்போது கௌதம்ராஜ் கழுத்தைத் திருப்பி வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றான் மலைச்சாமி.

"ஒண்ணுமில்லன்னா?"

"வெறும் காத்து சார்."

"காத்தை ஏத்திக்கிட்டா பன்னிரண்டு கிலோமீட்டர் வர்றீங்க? காத்துக்கா டீசல் போடுறீங்க?"

மலைச்சாமி பரிபூரணத்தைப் பார்த்தான். பரிபூரணம் ரோட்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக இந்த ரோட்டில் இவ்வளவு காற்றைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறோமே என்று அவளுக்கே ஒரு கணம் வெட்கமாகிப்போனது.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. தமிழில்தான் இருந்தது. 'கம்பெனியின் சரக்கு வாகனம் எதுவும் எக்காரணம் கொண்டும் வெற்று நிலையில் பயணிக்கலாகாது. போக்கு, வரவு ஆகிய இரு திசைகளிலும் ஏற்றுநிறைவு நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையுமாயின், சம்பந்தப்பட்ட விநியோக உரிமை மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படும்.' கூடவே இரண்டு பேர் வந்து வண்டியின் அடியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் மதுரை ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். பாரம் சரியாக இருந்தால் பரிபூரணத்தின் போனில் பச்சை. குறைந்தால் சிவப்பு.

மறுபரிசீலனை என்றால் என்னவென்று பரிபூரணத்துக்குத் தெரியும். சாத்தூரில் ஒருத்தரை மறுபரிசீலித்தார்கள். அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்.

அவள் கௌதம்ராஜுக்குப் போன் போட்டாள்.

"சார், போகும்போது நெறஞ்சு போகும். வரும்போது எதை ஏத்திட்டு வர? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பால்கோவா ஏத்திட்டு வரட்டுமா? இங்க நாலு பேக்கரியில கேக்காங்க."

"கம்பெனி வண்டியில கம்பெனிப் பொருள் தவிர வேற ஏத்தக்கூடாதும்மா. விதி இருக்கு."

"அங்க நம்ம கம்பெனிப் பொருள் ஏது சார்?"

"காலையில இறக்கினீங்களே."

பரிபூரணம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"இறக்குன சோப்பையே திருப்பி ஏத்திட்டு வரச் சொல்லுதீங்களா?"

"அப்படிச் சொல்லாதீங்க. மறுபகிர்வுன்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து மறுபகிர்வு தொடங்கியது. காலையில் ஜெயசித்ரா கடையில் பத்துப் பெட்டி இறங்கும். சுந்தரபாண்டியம் வரை போய்விட்டுத் திரும்பும்போது அதே பத்துப் பெட்டி ஏறும். முதல் நாள் ஜெயசித்ரா பெட்டியைப் பிடித்த பிடியை விடவில்லை.

"காலையில குடுத்துட்டு மத்தியானம் வாங்கிட்டுப் போறீகளே, என்னக்கா இது? நிச்சயம் பண்ணின வீட்ல தட்டத் திருப்பி வாங்குத மாதிரில்லா இருக்கு. எங்கிட்ட என்ன குறை கண்டீக?"

"ஒரு குறையும் இல்ல ஜெயசித்ரா. நாளைக்குக் காலையில திருப்பித் தந்துருவேன்."

"நாளைக்கு மத்தியானம்?"

மலைச்சாமி பெட்டியை மெல்ல இழுத்துக்கொண்டான்.

போனில் பச்சை எரிந்தது. ஏற்றுநிறைவு நூற்றுக்கு நூறு. 'வாழ்த்துகள்! நீங்கள் காற்றை வென்றுவிட்டீர்கள்!' என்று ஒரு செய்தியும், கூடவே கைதட்டுகிற இரண்டு மஞ்சள் கைகளும் வந்தன.

இதில் இன்னொரு அதிசயமும் நடந்தது. பெட்டி கடையில் இறங்கினால் கம்பெனியின் ஆப் அதை 'விற்பனை' என்று குறித்துக்கொள்ளும். அதே பெட்டி திரும்ப ஏறினால் 'நிறைவு' என்று குறித்துக்கொள்ளும். ஆக ஒரே பெட்டி வாரத்துக்கு ஆறு தடவை விற்றது. விற்பனைப் பிரிவும் மகிழ்ந்தது, வழித்தடப் பிரிவும் மகிழ்ந்தது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. வழித்தடப் பிரிவு மூன்றாவது மாடி, விற்பனைப் பிரிவு ஐந்தாவது மாடி. நடுவில் லிஃப்ட் இருந்தது, பழக்கம்தான் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். போன் திடீரென்று சிவப்பானது. எண்பத்தெட்டு. அடுத்த நிமிஷம் கௌதம்ராஜ் பேசினார்.

"அம்மா, உங்க ரூட்ல எங்கேயோ கசியுது."

"என்ன சார் கசியுது?"

"காலையில போன எடைக்கும் மத்தியானம் வந்த எடைக்கும் வித்தியாசம் இருக்கு. பன்னிரண்டு சதவீதம் எங்க போச்சு?"

"வித்துருச்சு சார். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல சனங்க வந்து வாங்கிட்டுப் போயிருவாங்கல்லா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதைத்தான் நாங்க விற்பனைவழிக் கசிவுன்னு சொல்றோம். மத்த மாவட்டத்துல எல்லாம் அதைக் கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. உங்க மாவட்டம்தான் பின்தங்கியிருக்கு."

"சோப்பை விக்காம இருக்கச் சொல்லுதீங்களா?"

"நான் அப்படிச் சொல்வேனா? தாராளமா விக்கட்டும். எடை மட்டும் குறையக் கூடாது."

பரிபூரணம் கடை கடையாகப் போனாள். பத்தொன்பது வருஷமாக 'விக்கிதா, விக்கிதா' என்று கேட்ட வாயால், 'வித்துராதீங்க, வித்துராதீங்க' என்று கேட்டுக்கொண்டாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். ஆனால் அவள் பேச்சுக்கு மரியாதை இருந்தது. பெட்டியை உடைக்காமல் அலமாரியில் வைத்துக் காத்தார்கள்.

சுந்தரபாண்டியத்தில் பெத்தம்மாள் கடையில் அவள் நின்றுகொண்டிருந்தபோது, வயலிலிருந்து நேராக ஒரு பெண் வந்தாள். பேர் பாண்டிசெல்வி. நடவு முடித்து வருகிறாள் போல; முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"ஒரு சோப்பு குடுங்க மயினி."

பெத்தம்மாளுக்கு அறுபது வயது. யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கடைக்காரி. அவள் அலமாரியைப் பார்த்தாள், பரிபூரணத்தைப் பார்த்தாள், "சோப்பு இருக்கு. ஆனா தரதுக்கு இல்ல" என்றாள்.

"பொறவு எதுக்கு வச்சிருக்கீக?"

"மத்தியானம் வண்டி வரும். திருப்பிக் குடுக்கணும்."

பாண்டிசெல்வி அலமாரியில் அடுக்கியிருந்த ஆறு பெட்டியையும் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "சரி, சாமி படம் மாதிரிக் கும்பிட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள்.

பரிபூரணத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. எந்த ஊரில் எப்போது சோப்பு தீரும் என்று தெரிந்து வைத்திருந்தவள் அவள். இப்போது சோப்பு பக்கத்திலேயே இருக்க, ஒருத்தி சேற்றோடு திரும்பிப் போகிறாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது.

பிறகு கேட்டாள்: "ஏலே மலைச்சாமி, வண்டிக்கு அடியில இருக்குத அந்தப் பெட்டிக்கு, மேல இருக்கது சோப்பா வேறயான்னு தெரியுமா?"

"அதுக்குக் கண்ணு கெடையாதுக்கா. எடை மட்டுந்தான் தெரியும்."

"நம்ம ஆபீசர் மாதிரின்னு சொல்லு."

குடோனுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை இடித்த செங்கல் ஒரு குவியல் கிடந்தது. ரோட்டை அகலப்படுத்த இடித்தது. மலைச்சாமி ஒரு சோப்புப் பெட்டியைத் தராசில் வைத்தான். பிறகு செங்கலை வைத்துப் பார்த்தான். நாலு செங்கல் வைத்தால் முள் அதே இடத்தில் நின்றது.

மறுநாள் காலையில் பெட்டிகளிலிருந்த சோப்பெல்லாம் சாக்குக்கு மாறியது. செங்கலெல்லாம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டது. வண்டியில் செங்கல் பாரம் ஏறிவிட்டதால் சோப்புக்கு இடம் இல்லை. மலைச்சாமியின் மனைவி அனுசியாவும் இன்னும் இரண்டு பெண்களும் சாக்கைப் பஸ்ஸில் போட்டு, லக்கேஜ் டிக்கெட் வாங்கி, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கண்டக்டர் கேட்டாராம்: "என்னம்மா மூட்டையில?"

"வெண்ணுரை சோப்பு."

"அவங்களுக்குத்தான் கம்பெனி வண்டி இருக்கே? தினம் பாக்கேனே, எனக்கு முன்னாலதான் போகுது."

"அதுல செங்கல் போகுதுண்ணே."

கண்டக்டர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, செங்கலை பஸ்ல ஏத்த விடமாட்டோம்" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஏற்பாடு தேர் மாதிரி அசைந்து நகர்ந்தது. செங்கல் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கடைகளில் இறங்கி இளைப்பாறிவிட்டு மத்தியானம் ராஜபாளையம் திரும்பியது. ஆடிப்பூரத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வந்தது. ஒரு கடையிலும் சோப்பு இல்லை என்ற பேச்சு எழவில்லை. சுந்தரபாண்டியத்துக்கு அனுசியாவிடம் பரிபூரணம் தனியாக ஒரு கட்டி கொடுத்தனுப்பினாள், பாண்டிசெல்வி வீட்டைக் கேட்டுப் போய்க் கொடுக்கச் சொல்லி. போனில் பச்சை அணையவே இல்லை. ஒரு நாள் நூறு, மறுநாளும் நூறு. மற்ற மாவட்டங்கள் தொண்ணூற்று மூன்றிலும் நாலிலும் முக்கிக்கொண்டிருக்க, இவள் ரூட்டில் ஒரு புள்ளிகூடக் கசியவில்லை.

அங்கேதான் வினை பிடித்தது.

பதினோராவது வாரம் கடிதம் வந்தது. பரிபூரணத்துக்கு 'ஏற்றுநிறைவுச் செம்மல்' என்ற விருது. அதை வழங்கவும், இந்த முன்மாதிரி வழித்தடத்தை நேரில் கண்டு ஆய்வு செய்யவும் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து முதன்மைச் செயல்திறன் அதிகாரி பிரிஸ்கில்லா அவர்களே வருகை தருகிறார்கள்.

"பெட்டியைப் பிரிச்சுப் பாத்தா?" என்றான் மலைச்சாமி.

"பாத்தா செங்கல் இருக்கும்" என்றாள் பரிபூரணம்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜென்சி போய்விடும், மலைச்சாமிக்கு வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, ஞாயிறுதோறும் மாதா கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவள், செங்கலுக்குச் சோப்பு உடுப்பு மாட்டிவிட்டு விருது வாங்குவதா என்பது பெரிய பாரமாக இருந்தது. போட்டோவுக்கு நின்றுவிட்டு நாளைக்குப் பிடிபடுவதைவிட, முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

குடோன் வாசலில் பந்தல் போட்டார்கள். பேனர் கட்டினார்கள். பிரிஸ்கில்லா நாற்பது வயதுக்காரர். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. கூட ஆறு அதிகாரிகள், ஆளுக்கொரு டேப்லெட். கௌதம்ராஜ் அழுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெட்டியைத் தடவிக்கொண்டே, "இந்தப் பெட்டி மேடம், இதுவரைக்கும் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் போயிருக்கு. இன்னும் சீல் உடையல" என்றார். ஆறு அதிகாரிகளும் பெட்டியை மரியாதையாகப் பார்த்தார்கள்.

பரிபூரணம் முன்னால் வந்தாள்.

"அம்மா, ஒரு வார்த்த. அந்தப் பெட்டியில சோப்பு இல்ல."

"என்ன இருக்கு?"

"செங்கல்."

கௌதம்ராஜின் கை பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது. ரோட்டில் போன ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"எல்லாப் பெட்டியிலயுமா?" என்றார் பிரிஸ்கில்லா.

"எல்லாத்துலயும். பதினோரு வாரமா. தப்புத்தாம்மா. சனங்களுக்குச் சோப்பு போய்ச் சேரணும்னுதான் செஞ்சேன். சோப்பை பஸ்ல அனுப்பிட்டேன். ஒருத்தருக்கும் குறை வைக்கல. எங்க டிரைவர் மேல தப்பு இல்ல, நான் சொல்லித்தான் செஞ்சான்."

பிரிஸ்கில்லா பெட்டியின் அருகில் போனார். டேப்பைக் கிழித்து ஒரு செங்கலை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிபூரணம் மனசுக்குள் ஒரு ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து நின்றாள்.

"இந்தப் பதினோரு வாரத்துல கசிவு?"

"இல்லம்மா. செங்கலை யாரு வாங்குவா?"

"எலி கடிச்சதா?"

"கடிக்காது."

"மழையில நனைஞ்சா?"

"காஞ்சுரும்."

"காலாவதித் தேதி?"

"அது அறுபது வருஷத்துச் சுவரும்மா."

பிரிஸ்கில்லா திரும்பி ஆறு பேரையும் பார்த்தார். "கேட்டீங்களா? அஞ்சு வருஷமா, மூணு ஆலோசனை நிறுவனத்தை வச்சு, கசிவே இல்லாத சரக்கை நாம தேடிக்கிட்டிருக்கோம். இந்தம்மா குடோன் பின்னாடியிலயிருந்து எடுத்திருக்காங்க. எழுதிக்கிடுங்க."

ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"அம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா, சோப்பு..." என்று இழுத்தாள் பரிபூரணம்.

"சோப்பு விற்பனைப் பிரிவு சம்பந்தப்பட்டது. அது ஐந்தாவது மாடி" என்று பிரிஸ்கில்லா அன்போடு சொல்லிவிட்டு, சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். கேமரா மின்னியது. கௌதம்ராஜ் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். செங்கல் யோசனை தன்னுடையது என்று அவர் மறுநாள் எழுதிய அறிக்கையில் ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் புதிய சுற்றறிக்கை எல்லா மாவட்டத்துக்கும் போனது. செங்கலை இனிச் செங்கல் என்று குறிப்பிடலாகாது. 'நிலைநிறைப் பொருள்' என்றே குறிப்பிட வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் செங்கல் ஒரே அளவில் இல்லை என்று புகார் எழுந்ததால், கம்பெனி தானே சூளைக்கு ஆர்டர் கொடுத்தது. கைக்கு அடக்கமாக, ஓரங்கள் உருண்டையாக, நடுவில் 'வெண்ணுரை' என்று அச்சுக் குத்தி. வெறும் கல்லாக அனுப்பினால் கம்பெனிக்கு மரியாதை இல்லை என்று, மிச்சம் இருந்த சோப்பு உறையையே அதற்கும் சுற்றினார்கள்.

சோப்பு லாரி வருவது வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகக் குறைந்தது. கேட்டால், "உங்க குடோன்ல இடம் இல்லையேம்மா, கல்லு இருக்கே" என்றார்கள். பஸ்ஸில் போன சாக்கு சிறுத்தது. கடைசியில் அனுசியா கையில் ஒரு பையோடு போய்வந்தாள். பிறகு போகவே இல்லை. பரிபூரணம் மதுரைக்கு நாலு கடிதம் எழுதினாள். நாலுக்கும் 'தங்கள் கருத்து மதிப்புமிக்கது' என்று பதில் வந்தது.

இதற்கிடையில் ஐந்தாவது மாடிக்காரர்கள் ஒருநாள் லிஃப்ட்டில் தவறிப்போய் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மேசை மேல் உறை சுற்றிய கட்டி ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கம்பெனி பேரோடு ஒரு பொருள் இருந்து அதற்கு விளம்பரம் இல்லாமல் இருப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. பதினைந்தே நாளில் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முக்கில் பெரிய போர்டு ஏறியது. ஈர முடியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு கையில் கட்டியைப் பிடித்திருந்தாள். கீழே: 'முழுக்க முழுக்க மண்ணிலிருந்து. ரசாயனம் துளியும் இல்லை. நெருப்பில் சுத்திகரிக்கப்பட்டது. கரையாதது.'

பரிபூரணம் போர்டுக்குக் கீழே நின்று இரண்டு தரம் படித்தாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. கம்பெனியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் போன் சிவப்பானது. அறுபத்திரண்டு. கௌதம்ராஜுக்கு இப்போது பதவி உயர்ந்திருந்தது, குரலும் உயர்ந்திருந்தது.

"என்னம்மா இது? கல்லுலகூடக் கசிவா? யாரு எடுக்கறா?"

"விசாரிச்சுச் சொல்லுதேன் சார்."

அவள் போனை வைத்த மறு நிமிஷம் சுந்தரபாண்டியத்திலிருந்து பெத்தம்மாள் கூப்பிட்டாள்.

"பரிபூரணம், வண்டி எங்க நிக்கி? இங்க ஆறு பெட்டியும் தீந்துபோச்சு. சனம் வரிசையில நிக்கி."

"எந்தப் பெட்டி மயினி?"

"புதுசா வந்திருக்கே, மண்ணு சோப்பு, அதான். எல்லாரும் அதையே கேக்காங்க. நுரை கொஞ்சம் கம்மிதான். ஆனா ஒரு வாரமாத் தேய்க்கோம், ஒரு நூலு அளவுகூடத் தேயலயே! பழைய சோப்பு நாலு நாள்ல கரைஞ்சு போயிரும்லா, ஏமாத்துக்காரப் பயலுவ. எங்க வீட்லயும் இப்ப இதான்."

பரிபூரணம் வாயைத் திறந்தாள். மயினி, அது செங்கல் என்று சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. சென்னையிலிருந்து வந்த அத்தனை பேர் முன்னால் சொன்னவளுக்குப் பெத்தம்மாளிடம் சொல்ல என்ன பயம்? ஆனால் முன்னால் ஒரு தரம் சொன்னபோது என்ன நடந்தது என்பது அவள் தோளில் சால்வையாக விழுந்து, இப்போது பீரோவில் மடித்துக் கிடந்தது. அதோடு, ஒரு கடையில் சரக்கு தீர்ந்துபோய்ச் சனம் நிற்கிறது என்று காதில் விழுந்ததும் அவள் கை தானாகவே பேனாவைத் தேடிவிட்டது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம்.

"எத்தன பெட்டி அனுப்பட்டும் மயினி?"

"பன்னிரண்டு அனுப்பு. பொறவு இன்னொரு விஷயம், கோவிச்சுக்கிடாத. போன தடவ வந்த ஒரு பெட்டியில ரெண்டு மூணு கட்டி பழைய சோப்பு கலந்து வந்துட்டு. வாங்கிட்டுப் போனவங்க, தண்ணி பட்டதும் வழுவழுன்னு கரையுது, போலிச் சரக்குன்னு திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போறாங்க. பாண்டிசெல்விதான் மொத ஆளு. இம்புட்டு வருஷம் நம்பிக்கையா யாவாரம் பண்ணுத நீ, இப்படிக் கலப்படம் பண்ணலாமா?"

"தெரியாம நடந்துட்டு மயினி" என்றாள் பரிபூரணம். "இனிமே ஒரு சோப்புகூட வராமப் பாத்துக்கிடுதேன்."